பல்பொடி தேய்த்த வெள்ளி

வெள்ளிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எம்.எல்.ஏ. மாரீஸ்வரன் மேடைக்கு மேடை சொல்லுவார். கைதட்டல் விழும். அதே வெள்ளியைப் பொய் சொல்ல வைக்க ஒரு சிட்டிகைப் பல்பொடியும் ஒரு கந்தல் துணியும் போதும் என்பது, அவர் ஆபீசில் பதினோரு வருஷமாக உட்கார்ந்து அவருக்கு வரும் போனையெல்லாம் எடுக்கும் விஜயராணிக்குத் தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்க முடிந்ததா?

தலைமைச் செயலகமான மந்திராலயத்து ஆட்களுக்கு அவர் ஆம்தார் சாஹேப். தாராவித் தமிழர்களுக்கு மாரி அண்ணன். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒற்றை அறைக் கோலி ஒன்றில் பிறந்து, ரசாயனம் படித்து, சயானில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். என்ன பெரிய வேலை! கம்பெனிகளின் கழிவு வாய்க்காலில் இறங்கிப் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வேண்டும். மூடியைத் திறந்து மோந்து பார்த்து, இன்ன வாடை என்று சீட்டில் எழுத வேண்டும். ஆறு வருஷம் மோந்து மோந்தே மனுஷனுக்கு மூக்கு செத்துவிட்டது. மல்லிகைப் பூவை நீட்டினாலும் கருவாட்டை நீட்டினாலும் அவருக்கு ஒன்றுதான். ஒருநாள் ஒரு கம்பெனிப் பாட்டிலில் பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீரை ஊற்றி வை என்றார்கள். மாட்டேன் என்றார். மறுநாள் வேலை இல்லை.

அந்த வருஷம்தான் விஜயராணி, பூலோகத்தைக் கட்டிக்கொண்டு தாராவியிலிருந்து செம்பூருக்கு வாழ வந்தாள். ஒரு ரசாயனக் கம்பெனியின் மதிலை ஒட்டி வீடு. கல்யாணத்துக்குப் போட்ட கொலுசு ஒரு மாதத்தில் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. மாமியார் விடுவாளா?

"ஒங்க அப்பன் வெள்ளின்னு சொல்லி ஈயத்தைக் குடுத்து ஏமாத்திட்டாம்லா! சபையில வச்சு எடை போட்டமே, ஒரசிப் பாக்காம விட்டுட்டமே!"

மூன்று தடவை அப்பாவை வரவழைத்து நடுவீட்டில் நிறுத்தி வைத்துக் கேட்டாள். பூலோகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான். விஜயராணிக்கு நாண்டுகொள்ளலாமா என்று இருந்தது.

அப்போதுதான் வேலை போன மாரீஸ்வரன், கம்பெனிக்கு எதிராகக் கையெழுத்து வாங்க வீடு வீடாக வந்தார். வாசலில் நின்றவர் அவள் காலைப் பார்த்தார். உடனே மாட்டுங்காவுக்கு ஓடி, மாமியார் பார்க்க ஒரு ஜோடி புதுக் கொலுசு வாங்கி வந்தார். ஒன்றை அடுப்படி ஆணியில் தொங்கவிட்டார். இன்னொன்றைப் பாட்டிலில் போட்டு மெழுகு வைத்து மூடினார். ஒன்பது நாள் கழித்து வந்து பார்த்தால் ஆணியில் இருந்தது கறுத்துக் கிடந்தது. பாட்டிலில் இருந்தது பளபளவென்று இருந்தது.

"அத்தே, வெள்ளி நல்ல வெள்ளிதான். காத்துதான் கெட்ட காத்து" என்றார்.

மாமியார் இரண்டு கொலுசையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அன்றைக்கு விஜயராணி அழுத அழுகை, அவள் பிறந்த நாளிலிருந்து அழாத அழுகை. இந்த மனுஷனுக்காக எதையும் செய்யலாம் என்று அன்று நினைத்தாள். நினைத்ததை இருபத்திரண்டு வருஷம் கழித்துச் செய்தாள், அதுதான் வினை.

மாரீஸ்வரன் அந்தத் தெருக்களில் நூற்று நாற்பது கறுத்த கொலுசு சேர்த்தார். டிபன் கேரியரில் கொண்டுபோய், சர்க்கார் நடத்திய விசாரணைக் கூட்டத்தில் அதிகாரியின் மேஜை மேல் கொட்டினார். பேப்பரெல்லாம் படம். ஒன்றரை வருஷத்தில் கம்பெனிக்குப் பூட்டு. அதிலிருந்து அவர் கொலுசு மாரி. முதலில் கார்ப்பரேட்டர், பிறகு எம்.எல்.ஏ., அதுவும் மூன்று தடவை. கம்பெனி மூடும் வரை அந்தப் பெண்களுக்கு அவர் ஒரு பாடம் சொல்லிக்கொண்டே இருந்தார். விஜயராணிக்கு அது மனப்பாடம்.

"அழுகுன முட்டை வாடை வந்தா பயப்படாதீங்க, சன்னலைத் தொறங்க. வந்த வாடை படக்குனு நின்னுட்டா, அப்பதான் பயப்படணும். புள்ளையத் தூக்கிட்டு ஓடுங்க. போனது வாயு இல்ல, ஒங்க மூக்கு."

இந்த வருஷம் தாராவியில் மழைநீர் ஓடும் நாலாக் கால்வாயை அகலப்படுத்த ஒரு சந்து முழுவதையும் எடுத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. மாமியார் காலமான பிறகு விஜயராணி குடும்பம் திரும்பி வந்திருந்த வீடும் அதில் ஒன்று. எல்லாரையும் ஐரோலிக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் தள்ளத்தான் திட்டம். மாரீஸ்வரன் சண்டை போட்டார். மோர்ச்சா என்று ஊர்வலம் போனார். செம்பூரில், உப்பங்கழி ஓரம் மண் கொட்டி மேடாக்கிய இடத்தில், காலியாகக் கிடந்த ஏழு மாடிக் கட்டடம் இரண்டை வாங்கிக் கொடுத்தார்.

முதல் நாள் வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருப்பதைப் பார்த்து விஜயராணி அதன் கதவை நாலு தடவை திறந்து மூடினாள். அவள் மகள் ஷாலினி, சயானில் காலேஜ் படிப்பவள், அதை போட்டோ எடுத்து சினேகிதிகளுக்கு அனுப்பினாள். தோல் பட்டறை வேலை போய் வீட்டில் இருந்த பூலோகத்துக்குக் கட்டடத்திலேயே பம்ப் ஆபரேட்டர் வேலையையும் அண்ணனே போட்டுக் கொடுத்தார். தரைக்கு அடியில், பதினாலு படி இறங்கினால் பம்ப் ரூம். எல்லாருக்கும் தண்ணீர் ஏற்றும் சாவி பூலோகத்தின் இடுப்பில் தொங்கியது. அவன் நடையே மாறிப்போனது.

இடத்தைப் பற்றி நல்ல ரிப்போர்ட்டும் இருந்தது. மண் சுத்தம், காற்று சுத்தம். மாரீஸ்வரன் அதைப் படித்துவிட்டு மேஜை மேல் போட்டார்.

"இந்த மாதிரி ரிப்போர்ட்டை அந்தக் காலத்துல என்னையும் எழுதச் சொன்னாங்க. எப்படி எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டட வாசலில் எல்லாரையும் கூட்டினார். "கீழ்த்தளத்துல இருபது வீடு. வீட்டுக்கு ஒரு கொலுசை நல்லாத் தொடச்சு, பாத்திரம் கழுவுற மோரிக்கு மேல தொங்க விடுங்க. பதினஞ்சு நாள். நானே வந்து பாப்பேன். ஒரு கொலுசு கறுத்திருந்தாலும் சரி, ரெண்டு கட்டடத்துலயும் ஒரு ஆள் இருக்கக் கூடாது. நான் சட்டசபையில எந்திரிச்சு நின்னு கேப்பேன்."

கைதட்டினார்கள். விஜயராணியும் தட்டினாள். ஒரு ஆள் இருக்கக் கூடாது என்றால் அந்த ஆள் எங்கே போவான் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. பழைய சந்தில் இப்போது ஜேசிபி நின்றுகொண்டிருந்தது.

மூன்றாம் நாளே ஷாலினியின் கொலுசு மங்கியது. நாலாம் நாள் கறுத்தது. விஜயராணி அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்தாள். ஐந்தாம் நாள் எதிர்வீட்டு நுஸ்ரத் வந்து கதவைத் தட்டினாள். மேலப்பாளையத்துக்காரி, கைக்குழந்தைக்காரி. கையில் அவள் கொலுசு.

"ராணியக்கா, இதப் பாருங்க. ராவெல்லாம் புள்ள இருமுது. அண்ணனுக்கு போன் போடுங்கக்கா."

"போடுதேன்" என்றாள் விஜயராணி. போடவில்லை.

மத்தியானம், ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்த நேரம், மாடிப்படியில் பெண்கள் கூடினார்கள்; ஆபீசுக்கு லீவு சொல்லியிருந்த விஜயராணியும் இருந்தாள். மகளிர் குழுத் தலைவி லூர்தம்மாள் மேல்படியில் உட்கார்ந்துகொண்டாள். தூத்துக்குடிக்காரி. கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிற தொண்டை, மெதுவாகப் பேசினாலே மூணாவது மாடிக்குக் கேட்கும்.

"இருபது வீட்டுலயும் கறுத்துட்டு. சரி. இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க. இந்த ஊர்ல நம்ம ஆளு ஒருத்தர்தான் சட்டசபையில உக்காந்திருக்காவ. அவிய கொண்டாந்து விட்ட இடமே விசம்னு நம்ம வீட்டுக் கொலுசே சாட்சி சொன்னா, நாளைக்கு பேப்பர்ல என்ன வரும்? சொந்தச் சனத்தையே கொல்லப் பாத்தான்னு வரும். அவியளுக்கு மந்திரி வேலை வரப்போவுதுங்காவ. அதுவும் போச்சு. நாம தகரக் கொட்டகைக்குப் போவோம், அவிய வீட்டுக்குப் போவாவ. சம்மதமா?"

லூர்தம்மாள் ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தாள்.

"அண்ணன் மானம் நம்ம கையில இருக்கு, தாயி. நல்லா தேச்சுப்புடுங்க. பல்பொடி போட்டா பளிச்சுனு வரும்."

"அப்ப நம்ம மூச்சு?" என்றாள் நுஸ்ரத்.

"சன்னலைத் தொறந்து வையி. தாராவியில நாலா மேல படுத்துக் கெடந்தோமே, அப்ப எங்க போச்சு ஒன் மூச்சு?" என்றவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "ஆம்பளையாள்வ காதுல போடாதீங்க. டீக்கடையில ஒளறிருவானுவ."

ரசாயனக் கம்பெனியையே பூட்ட வைத்த பெண்களும் இவர்களில் இருந்தார்கள். ஆறு பேராவது அன்று செம்பூரில் குடியிருந்து, டிபன் கேரியரில் கொலுசு போட்டவர்கள். விஷம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தேதான் செய்தார்கள். அண்ணன் மேல் வைத்த பாசம், வீட்டின் மேல் வைத்த ஆசை, எது எத்தனை பங்கு என்று அவர்களைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

விஜயராணி அன்று ஷாலினியின் கொலுசை எடுத்துக்கொண்டு மோரியில் உட்கார்ந்தாள். தேய்க்கத் தேய்க்கத் துணி கறுத்தது, வெள்ளி வெளுத்தது. வாடை குப்பென்று வந்தது. முட்டை அழுகிய வாடை. செம்பூர் மதில் ஓரத்தில் அவள் குடித்தனம் பண்ணிய அதே வாடை.

"மம்மி, ஏ க்யா, என்ன இது? மாரி அங்கிள் தொடக்கூடாதுன்னு சொன்னாருல்ல?" என்றாள் ஷாலினி.

"தூசி படிஞ்சிருக்குட்டி. நீ படி."

பத்தாம் நாள் அவள் மறுபடி தேய்த்து மாட்டிய நேரத்தில் பூலோகம் பம்ப் ரூமிலிருந்து வந்தான். கண் இரண்டும் கோவைப்பழம். முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தவன் ஆணியில் தொங்கிய கொலுசைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துபோனது.

"பாத்தியா? பத்து நாளாச்சு, சொட்டுக் கறுப்பு இல்ல. அண்ணன் காட்டுன எடம் தங்கம்ட்டி."

"ஒங்க கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?"

"கீழ குளோரின் போடுதாங்கல்லா. அதான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. இவனிடம் சொன்னால் நேரே அண்ணன் காலில் போய் விழுந்து சொல்லிவிடுவான், ஒளிக்கத் தெரியாத மனுஷன் என்று நினைத்து விழுங்கிவிட்டாள். சோற்றைப் போட்டாள்.

பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மாரீஸ்வரன் வருவார் என்று முந்தின நாள் சாயங்காலம் லூர்தம்மாளுக்கு போன் செய்தது யார்? விஜயராணிதான். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. தேதியும் மணியும் மட்டும் சொல்லி வைத்தாள். அதுவே போதுமாக இருந்தது.

அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஒவ்வொரு வீடாக நுழைந்தார். கூடவே ஃபைலோடு விஜயராணி. முதல் வீட்டில் பளபள. இரண்டாவதில் பளபள. சன்னலெல்லாம் திறந்து, வீட்டுக்கு நாலு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. ஏழாவது வீட்டில் அவர் மோரி அருகே குனிந்து, பழைய பழக்கத்தில் மூச்சை இழுத்தார். ஒன்றும் தெரியாமல் நிமிர்ந்தார்.

"ராணி, எனக்குத்தான் மூக்கு இல்ல. ஒனக்கு வாடை வருதா?"

ஊதுபத்தியையும் மீறி வந்துகொண்டுதான் இருந்தது. வீட்டுக்காரி விஜயராணியின் முகத்தையே பார்த்தாள்.

"இல்லண்ணே" என்றாள் விஜயராணி.

அவர் தலையாட்டினார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், அவள் சொல்லை அவர் திருப்பிக் கேட்டதே இல்லை. நுஸ்ரத் வீடு பூட்டியிருந்தது. தேய்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு தாணேயில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். உள்ளே ஆணியில் அவள் கொலுசு கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இங்க?"

"ஊருக்குப் போயிருக்காண்ணே. நான் நேத்தே பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்கு."

ஒரு பொய் சொல்லத்தான் கஷ்டம். இரண்டாவது தானாக வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயமாகிவிட்டது.

கடைசி வீடு அவள் வீடு. மாரீஸ்வரன் ஷாலினியின் கொலுசை ஆணியிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மற்ற வீடுகளில் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார். கொக்கியின் இடுக்கில் நகத்தை விட்டுக் கிளறினார். விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"புதுசு மாதிரி இருக்கே" என்றார்.

விஜயராணி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை கேளுங்கண்ணே, ஒரே ஒரு தடவை, கேட்டால் சொல்லிவிடுகிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். செம்பூர்க் காற்றில் பதினைந்து நாள் தொங்கிய எந்த வெள்ளியும் இத்தனை பளபளப்பாக இருக்காது. அவளுக்கே அது தெரியும்போது அவருக்கா தெரியாது?

அவர் போன் அடித்தது. மேலிடத்திலிருந்து. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். கொலுசைப் பழையபடி ஆணியில் மாட்டினார்.

"ஹோ சாஹேப். எல்லாம் டீக் இருக்கு. ஒண்ணும் பிரச்னை இல்ல" என்றபடியே வெளியே நடந்தார். அவள் கண்ணை அவர் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு ஒரு வாரம் பார்க்கவில்லை.

மழைக்காலக் கூட்டத்தொடரில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அந்தக் கட்டடங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். மாரீஸ்வரன் எழுந்தார். யாருடைய ரிப்போர்ட்டையும் நான் நம்பவில்லை, என் ஜனங்களின் அடுப்படியில் வெள்ளியைத் தொங்கவிட்டு என் கண்ணால் பார்த்தேன், அங்கே வாயு இல்லை என்று மராட்டியில் முழங்கினார். பேச்சை டைப் அடித்துக் கொடுத்தவள் விஜயராணி. டிவியில் அதைப் பார்த்துப் பூலோகம் எழுந்து நின்று கைதட்டினான். பத்தே நாளில் சுற்றுச்சூழல் ராஜ்யமந்திரி, அதாவது இணை அமைச்சர், என்று அவர் பெயர் அடிபட்டது.

மழை பிடித்துக்கொண்டது. சாரலுக்குப் பயந்து சன்னல்களை மூடினார்கள். அடியிலிருந்து தண்ணீர் ஊற ஊற, மண்ணுக்குள் என்ன புதைந்து கிடந்ததோ அதன் மூச்சு மோரி வழியாக மேலே வந்தது. ஷாலினி புத்தகத்தை எடுத்துக்கொண்டு காலேஜ் லைப்ரரியிலேயே கிடந்தாள். பூலோகம் தினமும் தலைவலி என்றான். ஒருநாள் பம்ப் ரூம் படியில் உட்கார்ந்தவன் கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

"இந்த வேலை வேண்டாம்ங்க. வேற பாப்போம்" என்றாள்.

"கூறு இருக்கா ஒனக்கு? அண்ணன் போட்டுக் குடுத்த வேலை. நாளைக்கு அவிய மந்திரி. மந்திரி குடுத்த வேலையை எவனாவது விடுவானா?"

பதவி ஏற்பு முடியட்டும், மறுநாளே எல்லாவற்றையும் அண்ணனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நாள் குறித்துவைத்தாள். பதவி ஏற்பும் முடிந்தது. பாராட்டு விழா முடியட்டும் என்று இன்னொரு நாள் குறித்தாள்.

மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலை பாராட்டு விழா. தாணேயிலிருந்தும் ஐரோலியிலிருந்தும் தமிழ்ச் சங்கக்காரர்கள் சால்வையோடு வந்து வரிசையில் நின்றார்கள். வெளியே நல்ல மழை. விஜயராணி மேடைக்குப் பக்கத்தில் பெயர்ப் பட்டியலோடு நின்றாள். பதினொன்றேகாலுக்குப் பூலோகம் போன் அடித்தான்.

"ராணி, பம்ப் நின்னு போச்சுட்டி. கீழ முழங்கால் தண்ணி. ரெண்டு கட்டடத்துக்கும் சொட்டுத் தண்ணி இல்ல, லூர்தக்கா சத்தம் போடுதா. எறங்கிப் பாத்துட்டு வாரேன். விழா முடிஞ்சிரும்னா சொல்லு, ஓடி வந்து அண்ணனுக்கு ஒரு மாலை போட்டுருதேன்."

"எறங்காதீங்க! நான் ஆளை அனுப்புதேன், எறங்காதீங்க!"

"ஏன்?"

சுற்றி அத்தனை பேர். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கீழ வாயு இருக்குங்க. கொலுசு கறுத்துச்சு. நாந்தான் தேச்சேன். எல்லாரும் தேச்சோம்."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான்.

"என்னைய வேலைய விட வைக்க என்னெல்லாம் சொல்லுத! அண்ணனே சட்டசபையில எந்திரிச்சு நின்னு வாயு இல்லன்னு சொல்லிட்டாவ. அவியளுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டாக்கும். இந்தா பாரு, பாதிப் படி எறங்கிட்டேன். மேல நிக்கும்போதுகூட வாடை அடிச்சுது. இப்ப ஒண்ணும் இல்ல. சுத்தமா வாடையே இல்லட்டி."

விஜயராணி போனைக் காதோடு அழுத்தினாள். "ஓடுங்க! மேல ஏறி ஓடுங்க!" என்று கத்தினாள். போனில் தண்ணீர்ச் சத்தம் ஒன்று கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

மேடையில் மாரீஸ்வரன் பேசிக்கொண்டிருந்தார். அவள் படியேறி, சால்வைக்காரர்களை விலக்கிக்கொண்டு மைக் வரை போனாள்.

"அண்ணே, பம்ப் ரூம்ல அவுக விழுந்துட்டாங்கண்ணே. வாயுண்ணே."

அவர் மைக்கைக் கையால் மூடினார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள். பயம் இருந்தது, ஆச்சரியம் இல்லை.

"அஞ்சு நிமிஷம் ராணி. முடிச்சிட்டு வந்துருதேன். மெதுவாப் பேசு" என்றார்.

அவள் ஓடினாள். டாக்சியில் உட்கார்ந்து லூர்தம்மாளுக்கு போன் போட்டு, ஒருத்தனையும் கீழே இறங்க விடாதே, எவனாவது இறங்கினால் நீதான் கொன்றவள் என்று அலறினாள். கயிற்றோடு இறங்கப் போன இரண்டு பேரை லூர்தம்மாள் படியில் குறுக்கே படுத்துத் தடுத்தாளாம். தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டு இறங்கிப் பூலோகத்தைத் தூக்கி வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரிலேயே வைத்துப் பார்த்துவிட்டுத் துணியை இழுத்து மூடினார்கள்.

ஷாலினி வந்தாள். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதவளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். விஜயராணிக்கு அழுகை வரவில்லை. நர்ஸ் ஒருத்தி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். உள்ளே பம்ப் ரூம் சாவி, நனைந்த போன். அப்புறம் அவன் அரைஞாண் கொடி. கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்டது, நல்ல வெள்ளி. அவன் குளிக்கக் கழற்றி வைக்கும்போதெல்லாம் அவள் அதையும் தேய்த்துவைத்ததில், காலையில் வெள்ளையாகத்தான் இருந்தது. இப்போது அது கன்னங்கரேல் என்று இருந்தது.

மாரீஸ்வரன் வந்தார். தோளில் இன்னும் ஒரு சால்வை கிடந்தது. கூட வந்த ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை.

"ராணி, நான் இருக்கேன். ஷாலினி படிப்பு என் பொறுப்பு. வெளியில டிவிக்காரன் நிக்கான். ஷாக் அடிச்சுதுன்னு சொல்லியிருக்கேன். மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றவர் கவரைப் பார்த்தார். கையை விட்டு அரைஞாண் கொடியை எடுத்தார்.

பேசிக்கொண்டேதான் இருந்தார். வீடு மாற்றித் தருவதைப் பற்றி, கமிட்டி போடுவதைப் பற்றி. பேசப் பேச அவர் கட்டைவிரல் அந்த வெள்ளியை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் தெரிந்து செய்யவில்லை. ஒரு இடத்தில் கறுப்பு விலகி, நெல் அளவுக்கு வெள்ளை தெரிந்தது.

"தொடைக்காதீங்கண்ணே" என்றாள்.

அவர் விரல் நின்றது.

"அன்னைக்குக் கேட்டீங்கல்ல, வாடை வருதான்னு. வந்துச்சுண்ணே. ஒங்களுக்கும் தெரியும்."

அவள் அவர் விரல்களைப் பிரித்துக் கொடியை வாங்கிக்கொண்டாள். கவரில் போடவில்லை. ஷாலினியின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு, கொடியைக் கையில் தொங்கவிட்டபடியே ஆஸ்பத்திரி வாசலை நோக்கி நடந்தாள். "ராணி, ராணி" என்று பின்னால் குரல் வந்தது. வெளியே மழை விட்டிருந்தது, டிவிக்காரர்கள் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.